நீலம் என்றால் மூன்று

ஆனி பாதி. கூழ் ஆலை வாசலிலிருந்து
காவேரிப்பட்டணம் சாலைவரை லாரிகள்.
தார்ப்பாய்க்கு அடியில் காய்கள் புழுங்கும் வாசனை
ஏசி அறைக்குள்ளும் வந்து கீபோர்டில் ஒட்டுகிறது.

ஏழு ரகம், ரகத்துக்கு இரண்டு பலகை.
தரம் பிரிக்கும் ஒவ்வொரு பலகைக்கும்
அதன் நிரலைக் கட்டித்தர ஒரு பில்ட் ஸ்கிரிப்ட்.
கையால் எழுதினால் பதினான்கும் பதினான்கு விதமாய்த் தப்பும்,
போன வருஷம் தப்பியது.
அதனால் இந்த முறை ஒரே ஒரு வார்ப்பு.
மிச்சத்தை எம்-ஃபோர் பார்த்துக்கொள்ளும்.

ரொம்பப் பழைய கருவி.
ஜன்னல் இல்லை, பொத்தான் இல்லை.
கருப்புத் திரையில் கூப்பிட்டால் வரும்,
ஒரு பக்கம் விழுங்கும், மறுபக்கம் துப்பும்.
தெரிந்தது ஒரே காரியம்:
இந்தப் பெயரைக் கண்டால் அந்தப் பொருளை வை.
வைத்த பொருளுக்குள் இன்னொரு பெயர் இருந்தால்
அதையும் எடு, அதற்குரியதை வை.
பெயர் மிஞ்சும்வரை விடாது.

செந்தூரா என்றால் ஒன்று.
பெங்களூரா என்றால் இரண்டு.
இப்படியே ஆறு ரகம், பன்னிரண்டு ஸ்கிரிப்ட்,
சித்திரையிலிருந்து ஒரு முனகல் இல்லை.

நீலம் கடைசியில் வரும் காய்.
நேற்று ராத்திரி இரண்டரைக்கு
போச்சம்பள்ளியிலிருந்து முதல் லோடு வந்தது.
ஒரு வரி சேர்த்தேன், ஒரே வரி:
நீலம் என்றால் மூன்று.

பதினான்கும் செத்தன.
புதிது இரண்டு மட்டும் என்றால் புரிந்திருக்கும்.
நேற்றுவரை ஓடிய செந்தூராவும்கூட
ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னது:
'ஹோம், சாய்கோடு, மூன்று.
அப்படி ஓர் அடைவு இல்லை.'

தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை
அந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான்,
அட, நீலமேகன்.
தை மாதம் பெங்களூருக்குப் போய்விட்டவன்.
பேனா மூடிகளை மானிட்டர்மேல் வரிசையாய் அடுக்குகிறவன்.
மேகனைத் தட்டச் சோம்பல்பட்டு
ஆங்கிலத்தில் வெறும் நீலம் என்று லாகின் வைத்திருந்தான்.
ஆள் போனாலும் கம்பைலர் இன்னும்
அவன் ஹோமில்தான் குடியிருக்கிறது.

நான் மாம்பழத்தைச் சொன்னேன்.
அது மனுஷனையும் சேர்த்து
பெல்ட் நம்பர் ஆக்கிவிட்டது.
குற்றம் சொல்ல முடியாது. எந்த நீலம் என்று
நான் சொல்லவில்லை, அது கேட்கவும் தெரியாதது.

பெயரைக் காப்பாற்ற ஒரே வழி மேற்கோள்.
திறக்க ஒரு கீற்று, மூட வேறொரு கீற்று.
போட்டேன். உள்ளே போனதும்
தோலை உரித்துவிட்டு மறுபடி மூன்று என்றது.
பாதை இரண்டு மேக்ரோவுக்குள் புகுந்து வருகிறது,
புகும் இடத்தில் எல்லாம் ஒரு தோல் போகும்.
கீழே உரிக்கும் மேஜையில்
கத்திகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.
இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று.
மூன்று தோல் போட்ட பிறகு
நீலம் நீலமாகவே வெளியே வந்தான்.

ஓடவிட்டேன்.
திரையின் முதல் வரி, அவனே எப்போதோ எழுதியது, தமிழில்:
'நீலமேகன் கட்டியது. உடைந்தால் கூப்பிடு.'
தமிழ் எழுத்து எம்-ஃபோருக்குப் பெயராகப் படுவதில்லை.
எல்லாம் கெட்டிருந்த நேரத்திலும்
அந்த வரியை மட்டும் அது தொடவில்லை,
பதினான்கு தடவையும் அப்படியே கடத்தியிருக்கிறது.
நான்தான் படிக்கவில்லை.

மணி நாலே கால். கூப்பிடவில்லை.

வெளியே வந்தேன். மலைக்கோட்டைப் பாறை
இருட்டைவிடக் கொஞ்சம் அதிக இருட்டாய்.
கேட்டில் அஸ்மத்துல்லா பாய்
ரசீதுக் கட்டிலிருந்து தலை தூக்காமல்
வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்.
டிரைவர் கண்ணாடியை இறக்கி, "நீலம்ணா" என்றான்.

"மூணு."

வண்டி போனது.