குழப்படி

எட்டு மாதம் நாங்கள் நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.
தம்பிக்கு நான்தான் பழக்கினேன்:
போட்டதைச் சாப்பிடு, இன்னும் வேணுமென்று கேளாதே,
அழுகை வந்தால் குளியலறைக்குப் போய்
தண்ணீரைத் திறந்துவிட்டு அழு.
ஆறு வயதில் அவன்
சத்தமில்லாமல் கதவு சாத்தக் கற்றிருந்தான்.

வின்னிபெக்கில் இது எங்களுக்கு மூன்றாவது வீடு.
ஓரெஸ்ட், ஹலினா. பிள்ளைகள் இல்லை,
கிழட்டுப் பூனை ஒன்று.
மாதமொருமுறை வரும் அலுவலர் கேட்பார்,
பிள்ளைகள் எப்படி?
ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்லும்போது
ஹலினாவின் குரல் ஏன் இறங்குகிறதென்று
எனக்கு விளங்கவில்லை.
பரிசு வாங்கியவளைப்போல் நின்றேன்.
கட்டிலுக்குக் கீழே எங்கள் பைகள்
சிப் இழுத்தபடி.

ஜனவரியில், சப்பாத்துக் கடையில்,
தம்பி தரையில் விழுந்தான்.
பச்சை பூட்ஸ், தவளைக் கண் வைத்தது.
அவன் அளவில் இல்லை.
எனக்கு அதுதான் வேணும்!
தமிழில் கத்தினான், பிறகு ஆங்கிலத்தில்,
பிறகு எந்த மொழியிலும் இல்லாமல்.
உதைத்ததில் அட்டைப்பெட்டிகள் சரிந்தன.
குழப்படிகாரன்.
அம்மா அவனைக் கூப்பிட்ட பெயர் அது,
அம்மாவோடு போய்விட்டதென்று நினைத்திருந்தேன்.
சரி, முடிந்தது.
மனதுக்குள் பைகளை வாசலில் இறக்கிவிட்டேன்.

ஓரெஸ்ட் குனிந்தார். முழங்கால் சடக்கென்றது.
பூட்ஸ்கள் கொண்டுவந்த பனி
உருகிக் கறுத்துக் கிடந்த தரையில்
அப்படியே உட்கார்ந்தார்.
ஏசவில்லை. தவளையை வாங்கித் தரவுமில்லை.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல் இருந்தார்.
சனம் சுற்றிப் போனது.
ஹலினா வாயைப் பொத்தியிருந்தாள்.
கோபமென்றுதான் நினைத்தேன்.
தோள் குலுங்கிய பிறகுதான் தெரிந்தது
சிரிக்கிறாள்.

காரில் தம்பி விக்கி விக்கி உறங்கிப்போனான்,
காலில் வெறும் கறுப்பு பூட்ஸ்.
நான் திருப்பங்களை எண்ணினேன்.
அலுவலகத்துக்குப் போகும் திருப்பம்
வந்தது, கடந்தது.

அன்றிரவும் பீட்ரூட் சூப்.
எட்டு மாதமாக நன்றி சொல்லிச் சொல்லிக் குடித்தது.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
நெஞ்சு காதுக்குள் அடித்தது.
எனக்கு இது பிடிக்காது, என்றேன்.
முதல் நாளே பிடிக்கவில்லை.

ஹலினா என் கிண்ணத்தை எடுத்து
தன்னுடையதில் ஊற்றிக்கொண்டாள்.
முட்டை பொரிக்கட்டுமா?

ம், என்றேன்.
அவள் அடுப்படிக்குப் போன பிறகு
சற்று உரக்க:
மிளகாய்த்தூள் போட்டு. நிறைய.