வெற்றுக் குப்பி

அம்பிளாந்துறைக் கரையிலிருந்து
ஒன்பது குப்பி.
எட்டும் வாவித் தண்ணீருக்கு.
ஒன்பதாவதில் ஆய்வுகூடத்திலேயே அடைத்த சுத்த நீர்;
நடு வாவியில் ஒருமுறை திறந்து, மூடி,
அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

"வெறுந்தண்ணிய என்னத்துக்குப் புள்ள சுமக்கிறா?"
மரக்கோல் ஊன்றியபடி சீனித்தம்பி கேட்டார்.
ஒன்றுமில்லை என்று சொல்லவும்
ஒரு சாட்சி வேணும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

கண்ணா வேரடியில் நீர் தேத்தண்ணி நிறம்.
அரை லீற்றர் இழுப்பதற்குள்
வடிதாள் அடைத்துக்கொண்டது.
அந்தச் சேற்றுப் பொட்டுக்குள்
உதிர்ந்த செதில், சளி, கழிவு,
யாரோ யாரையோ விழுங்கியபோது சிந்தியது.

"மனிசன்டயும் இரிக்குமா?"
இருக்கும். முதலில் அதைத்தான் நீக்குவோம்.
"எத்தின நாளைக்கி நிக்கும்?"
இந்தச் சூட்டில் இரண்டு நாள். மிஞ்சினால் நாலு.
கோலை உருவி, நனைந்த அளவைப் பார்த்து,
"இவ்வளவுதானா" என்றார்.
ஆழத்தையா, நாளையா,
நான் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்துத் திரையில் பெயர்கள்.
மணலை. கொடுவா. இறால்.
யப்பான் மீன், எங்கு பார்த்தாலும் யப்பான் மீன்.
ஏழாம் குப்பியில் மட்டும் நீர்நாய்,
அவருடைய வலைக்கம்புகள் நிற்கும் இடத்தில்;
அங்கே மணலை குறைவு.
இரண்டுக்கும் நடுவில் கோடு இழுத்தேன்,
புள்ளிக்கோடாகத்தான்.

தொலைபேசியில் சொன்னேன்.
"நீர்நாய் வந்தத என்ட வலையே சொல்லிச்சே,
ஓட்டை ஓட்டையா.
எது எதத் தின்டது? அதச் சொல்லு."

அதுதான் தெரியாது.
தண்ணீர் இடாப்புக் கூப்பிடும்,
வழக்குச் சொல்லாது.
தின்றதும் தின்னப்பட்டதும்
ஒரே குப்பியிலிருந்து
ஒரே குரலில் "உள்ளேன்" என்கின்றன.

ஒன்பதாவது குப்பி:
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
கடைசி வரியில், மனிதர்: பதினொன்று.
மூடியைத் திறந்த என் மூச்சோ,
எதிர்க்காற்றில் அவர் இருமியதோ.
விதிப்படி அழித்தேன்.
அழிக்குமுன் ஒருதரம்
பதினொன்றையும் எண்ணிப் பார்த்தேன், ஏனோ.

அடுத்த மாதம் துறைக்குப் போனபோது
தேத்தண்ணிக் கடையில் என் பெயருக்கு ஒரு பொட்டலம்.
பழைய பேப்பரில் சுற்றி, மேலே நூல் கட்டி.
அவிழ்த்தேன்.
நீர்நாயின் எச்சம்.
காய்ந்த நண்டோடு, மினுங்கும் செதில்கள்,
பொறுக்க முடியாத வீச்சம்.
உள்மடிப்பில் பென்சிலால்:
"இதையும் கேட்டுப் பார்."