நான்காம் நிரல்

பாடநெறி மீளாய்வுக் கூட்டம்.
வெளியே ஆனி வெயில். உள்ளே ஏசி
வயிற்றுவலிக்காரனைப் போல முனகுகிறது.
படிவத்தின் நான்காம் நிரல்: கற்றல் பேறுகள்.
"அளக்கக்கூடியதாய் இருக்க வேணும்" என்கிறார் பீடாதிபதி.

அளந்ததையே சொல்கிறேன்.

கஜவதனி, இறுதி ஆண்டு, இரசாயனவியல்.
புன்னாலைக்கட்டுவனில் இருபத்தேழு கிணறுகள்.
சைக்கிள் கரியரில் ஐஸ் பெட்டி,
கழுவிய சோடாப் போத்தல்களில் தண்ணீர்.
பத்தொன்பதாம் போத்தல் அவள் வீட்டுக் கிணறு.
நைத்திரேற்று, லீற்றருக்கு நூற்றுப்பதினாறு மில்லிகிராம்.
ஐம்பதைத் தாண்டினால் குடிக்கக் கூடாதென்று
முதலாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தவளும் அவள்தான்.

அந்தத் தண்ணீர் இறைத்து விளைந்த வெங்காயம்தான்
டியூசன் காசு, விடுதிக் காசு, தவணைக்கு எடுத்த லப்டொப்.
வெங்காயத்துக்கு எறிந்த யூரியாதான்
மழையோடு கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது.
"மிஸ், நான் அளந்தது என்ர படிப்பைத்தான்" என்றாள்.
மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை;
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏ பிளஸ் போட்டோம்.
கறுத்த மட்டை, பொன்னெழுத்து, ஆங்கிலம்.
இப்போது நூலகத்தில் இருக்கிறது.
பதினோராம் கிணற்று வீட்டில் ஒரு கைக்குழந்தை.
அங்கே போய்ச் சொல்வதற்குப்
புள்ளித்திட்டத்தில் அரைப் புள்ளிகூட இல்லை.

புள்ளி வந்த பிறகு அவள் போனாள்,
வீட்டுக்கு ஒரு துண்டு, தமிழில், கையெழுத்தில்.
தன் வீட்டுக்குக் கடைசியாக.
தகப்பன் வாசித்தார். மடித்தார். பிறகு கேட்டார்:
"அப்ப இந்தப் போகம் என்னத்தைப் போடுறது?"

என்னத்தைப் போடுவது.
மண் தெரிந்தவர்கள் கிளிநொச்சியில்.
கடன் தெரிந்தவர்கள் இரண்டாம் மாடியில்.
குழந்தையின் இரத்தம் தெரிந்தவர்கள் வேறு மதிலுக்குள்.
இந்தக் கேள்விக்கு ஒரு கட்டடம்கூட நாங்கள் கட்டவில்லை.

எல்லாவற்றுக்கும் கீழே சுண்ணக்கல்,
பல் விழுந்த வாய் மாதிரி, ஓட்டையும் பொந்துமாய்.
தண்ணீருக்குத் துறைத்தலைவர் இல்லை.
ஆய்வுகூடத்துக்கும் கன்ரீனுக்கும் கக்கூசுக்கும்
இந்தக் கதிரைகளுக்கும் அடியால்
அது போய்க்கொண்டிருக்கிறது,
ஆருடைய அனுமதியும் கேளாமல்.

நான்காம் நிரலில் தகப்பனின் கேள்வியை
எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.
பீடாதிபதி இரண்டு முறை வாசித்தார்.
"இது பேறு இல்லையே, கேள்வி."
ஓம், என்றேன்.

"அடுத்த விடயத்துக்குப் போவம்."
மேசையில் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர்,
எந்த ஊர்க் கிணற்றினதோ,
மூடி திறபடாமல்.