இருபத்தாறு கேஜ்

மூன்றாம் தடவையாக வருகிறாள் மார்லிஸ் லாஹ்டி.
பூட்ஸ் சேறு வாசலோடு போகவில்லை.
சீட்டில் தோற்றவள் கையை விரிப்பதுபோல
மாதிரித் துண்டுகளைக் கல்லாவில் பரப்புகிறாள்.

மிச்சிகனின் வட கோடியில், ஏரிப் பனி கொட்டும் இந்த ஊரில்
மரவாடி வைத்துப் பதினெட்டு வருஷமாகக் கூரை விற்கிறேன்.
அடிக்கு இவ்வளவு. திருகு தனி, வாஷர் தனி.
நிறம் கேட்பார்கள், விலை கேட்பார்கள்,
வாரண்டி நாற்பது வருஷம் என்றால்
அதுவரை யார் இருக்கப்போகிறார்கள் என்று சிரிப்பார்கள்.

இவள் கேட்டது:
மழை பெய்தால் உள்ளே எப்படிக் கேட்கும்?

கம்பம் நட்டாயிற்று. முப்பதுக்கு நாற்பது.
அவள் மச்சினன் வெர்ன் கிரேன் கொண்டுவந்து
ட்ரஸ் ஏற்றிவிட்டான்.
விலா எலும்பு மட்டும் நிற்கிறது,
காகம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது.

ஸ்னோமொபைல் எஞ்சின் அவளுக்குச் சோறு.
திருப்புளி நுனியை சிலிண்டர் மேல் ஊன்றி
பிடியைக் காதோரம் அழுத்துவாள்.
பேரிங் போனதா, பிஸ்டன் தட்டுகிறதா,
இரும்பு வழியாகவே வந்துவிடும் சேதி.
"தலைக்கு மேல் தகரம் அலறினால்
நான் எதைக் கேட்பது?"

தார் ஓடு சத்தம் போடாது.
ஆனால் அடியில் ப்ளைவுட் வேண்டும்,
அதற்கே பாதிக் காசு.
பனியும் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது,
வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, ஏப்ரல் வரை.
போன பிப்ரவரியில் ராய்ஸ் ஓயாலாவின் கொட்டகை
அப்படித்தான் முழங்கால் மடித்தது,
உள்ளே இரண்டு டிராக்டர்.

வெறும் ஸ்டீல் மலிவு.
மார்ச்சில் உள்ளே அடுப்பெரித்தால்
தகட்டின் அடிவயிறு வியர்க்கும்.
கழற்றிவைத்த கார்புரேட்டரில் ஒரு சொட்டு,
குனிந்தவள் பிடரியில் ஒரு சொட்டு.

அடியில் கம்பளி ஒட்டிய தகடு ஒன்றுண்டு.
எடுத்துக் கொடுத்தேன்.
காதோடு வைத்து நகத்தால் தட்டினாள்.
பிறகு வெறும் தகட்டை. மறுபடி கம்பளியை.
ஆணி வாங்க நின்றவர் பின்னாலிருந்து கேட்டார்:
"தர்பூசணியா வாங்குகிறாய்?"

ஆயிரத்து இருநூறு டாலர் கூட ஆகும் என்றேன்.
உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டாள்.
அங்கே ஏற்கெனவே வேறொரு கணக்கு இருந்தது.
"இருபத்தாறு கேஜ். கம்பளி வைத்தது.
நிறம் எதுவோ, மிச்சம் கிடப்பதைக் கொடு."
யாரோ திருப்பிவிட்ட செங்காவி கிடந்தது.
அதையே ஏற்றினோம்.

ஜனவரியில் போன்.
"மழை சரி.
பனி இறங்கும் சத்தத்தைப் பற்றி நீ சொல்லவே இல்லையே."

ராத்திரி கூரைப்பனி ஒரே பாளமாக வழுக்கி
அவள் பிக்கப் வண்டியின் மேல்.
பனித்தடுப்பு, நாலாவது அலமாரி, மூன்றாம் தட்டு.
அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காசு வாங்காமல் ஒரு பெட்டியும்
மண்வெட்டியும் எடுத்துப் போனேன்.
கண்ணாடி தெரியுமட்டும் தோண்டியிருப்போம்,
கையை உயர்த்தினாள்.
பையிலிருந்து திருப்புளி எடுத்து
நுனியை மூலைக் கம்பத்தில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்தாள்.
நான் மூச்சுவிடுவதும் தொந்தரவு
என்பதுபோல் முறைத்தாள்.

"இடது பக்கம் இன்னும் இருக்கு.
தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.