குறிப்பேட்டில் இல்லாதது

நாளைக் காலை வரை கழற்றக் கூடாது என்றாள் லீவி,
குரெஸ்ஸாரே மருத்துவமனையின் செவிலி.
மார்பில் ஐந்து இடங்களில் பசை.
இடுப்பில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி.
கையில் கோடு போட்ட ஒரு தாள்:
நேரம்.
என்ன செய்துகொண்டிருந்தீர்கள்.
என்ன உணர்ந்தீர்கள்.
மூன்றாவது கட்டம் ரொம்பக் குறுகல்.

எனக்கு வேலை கப்பலில்.
விர்ட்சுவிலிருந்து குய்வஸ்துவுக்கு,
குய்வஸ்துவிலிருந்து விர்ட்சுவுக்கு,
அரை மணிக்கு ஒரு கரை.
கீழ்த்தளத்தில் நின்று
கார்களை ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துவேன்.
நான் கையை உயர்த்தினால்
மரம் ஏற்றிய லாரியும் நிற்கும்.

6.40. காப்பி ஊற்றினேன். திக்.
6.41. மணிக்கட்டில் விரல் வைத்தேன்.
ஒன்று, இரண்டு, பிறகு எதுவுமில்லை,
பிறகு யாரோ தோளால் கதவை முட்டியதுபோல் ஒன்று.
7.15. முதல் பயணம். படிக்கட்டு. படபடப்பு.
படி ஏறியதாலா என்று கேட்கக் கட்டம் இல்லை.
9.05. எதுவும் செய்யவில்லை.
பனிக்கட்டி கப்பலின் அடியில் உரசுவதைக்
கேட்டுக்கொண்டு நின்றேன்.
9.06. இன்னும் நிற்கிறேன்.

திக்கென்றது, திடுக்கென்றது, பகீரென்றது:
எல்லாம் பயந்தபின் வரும் சொற்கள்.
பயப்படும் முன்பே துள்ளிவிடுகிறதே,
அதற்கு என்ன எழுத?
நெஞ்சு முந்தியா, பயம் முந்தியா என்று
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.
இரண்டும் ஒரே வாசலில்
இடித்துக்கொண்டு நுழைகின்றன.

என் ஷிஃப்டில் வெடித்துவிடாதே என்றான் ஹெல்டுர்,
சட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த வயரைப் பார்த்து.
சிரித்தேன்.
அதையும் எழுதினேன். 11.30. சிரிப்பு. ஒரு துள்ளல்.

இரவு,
இடப்பக்கம் படுத்தால்
தலையணைக்குள் யாரோ நடக்கிறார்கள்.
நிற்கிறார்கள்.
நான் மூச்சை நிறுத்திக் காத்திருக்கிறேன்
அவர்கள் மறுபடி நடக்க.

அடுத்த வாரம் மருத்துவர் காகிதச் சுருளை விரித்தார்.
நான் எழுதியவை முப்பத்தொன்று.
இருபத்தேழில் ஒன்றுமே இல்லை.
மீதி நான்கில்
முந்திரிக்கொட்டை மாதிரி
முறை வருமுன் வந்துவிட்ட ஒரு துடிப்பு.
எல்லோருக்கும் வரும் என்றார். நீங்கள் கேட்டுவிடுகிறீர்கள்.

பிறகு ஒரு இடத்தில் பேனாவை வைத்தார்.
14.52. நூற்று அறுபத்தொன்று.
நாளிலேயே இதுதான் உச்சம்.
தாளில் எதுவும் இல்லையே, தூங்கினீர்களா?

எனக்குத் தெரியவில்லை.
என் வீட்டுக்குள் ஒருவன் வந்து
ஓடி ஆடிவிட்டுப் போயிருக்கிறான்,
வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான்
பார்க்கவில்லை.

ஹெல்டுரிடம் கேட்டேன்.
கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
ஆடு, என்றான். ஆடு!

ஆமாம், ஆடு.
எண்டெலின் வண்டியில் கொக்கி கழன்று
ஒரு கிழட்டுப் பெட்டை குதித்தது கீழ்த்தளத்தில்.
கார்களுக்கு இடையே அது ஓட, நான் ஓட,
ஜன்னல்களில் எல்லாம் குழந்தை முகங்கள்.
ரொட்டி வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மடக்கி
வயிற்றோடு சேர்த்து அணைத்துத் தூக்கினேன்.
அதன் நெஞ்சு என் முன்கையில் அடித்தது.
அது நன்றாக நினைவிருக்கிறது.
எண்ணக்கூடச் செய்தேன்.
ஒன்றுமில்லை, பயந்திருக்கிறது, அவ்வளவுதான்,
என்று எண்டெலிடம் சொன்னேன்.

இதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.
நேற்றும் பல் தேய்க்கையில் திக்.
பசை ஒட்டிய இடங்கள் இன்னும் அரிக்கின்றன,
விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது.

நடுநிசியில் எழுந்து விளக்கைப் போட்டேன்.
மருத்துவர் திருப்பித் தந்த தாளைத் தேடி எடுத்து
ஓரத்தில் எழுதினேன்:
14.52. ஆடு பிடித்தேன்.
மூன்றாவது கட்டத்துக்கு வெகுநேரம் யோசித்தேன்.
கம்பளி ஈரமாக இருந்தது.