காது மட்டும் உள்ள வண்டி

டுலூத். பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
ஏரி இறுகிக் கிடக்கும் மாதங்களில்
இரும்புத்தாதுக் கப்பல்கள் ஓடுவதில்லை.
கப்பலுக்குச் சமைப்பவளுக்கும் வேலையில்லை.
சமையலறை மேசையில் ஸ்கேனர்.
எட்டுச் சிவப்புப் பொட்டுகள்
ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும்,
யாராவது வாய் திறந்தால் நிற்கும்.

அலைவரிசைக்கு ஒரு கிரிஸ்டல், தனித்தனியாய் வாங்க வேண்டும்.
போலீசுக்கு நான்கு, தீயணைப்புக்கு இரண்டு,
கடலோரக் காவலுக்கு ஒன்று.
எட்டாவது குழி காலி.
அந்தப் பொட்டும் தன் முறைக்கு எரிந்து
எதையும் கேட்காமல் அணையும்.

ஏழாம் தெருவில் ஒரு கார் சறுக்கித்
தபால்பெட்டிமேல் சாய்ந்திருக்கிறது.
சுப்பீரியர் தெருவில் செருப்பில்லாமல் ஒருவர்.
மிஸஸ் ஹோல்ம்க்விஸ்ட் மறுபடியும் அழைத்தார்,
மாடியில் யாரோ நடக்கிறார்களாம்.
மறுபடியும் ஒரு வண்டி போகிறது.
மாடியே இல்லாத வீடு அது.

எங்கோ படித்தேன்:
முதன்முதலில் டெட்ராய்ட் போலீஸ் வண்டிகளுக்கு
காது மட்டும்தான் வைத்தார்கள்.
நிலையம் பேசும். வண்டி கேட்கும்.
சரி என்று சொல்லக்கூட வாய் கிடையாது.
பதில் வேண்டுமென்றால் ஒருவர் இறங்கித்
தெருமுனைத் தொலைபேசிக்கு ஓட வேண்டும்.
உரிமத்தில் எழுதியிருந்ததோ கேளிக்கை நிலையம் என்று.
அதனால் திருடுபோன கார்களின் எண்களுக்கு நடுவே
பாட்டும் போட்டார்களாம்.
ஒரு வழிப்பறி, ஒரு வால்ட்ஸ், ஒரு காணாமற்போன குழந்தை.
வீட்டு ரேடியோக்களிலும் அது விழுந்திருக்கும்.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யாரோ கேட்டிருப்பாள்.
திருடனும் கேட்டிருப்பான்,
பாட்டு முடியட்டும் என்று.

நிலையத்தில் இரவு உட்காருபவரின் பெயர் எனக்குத் தெரியாது.
தும்மல் தெரியும்.
எண்களில் ஒன்பதை மட்டும் கொஞ்சம் இழுப்பார்.
கடைசி வார்த்தையை எப்போதும் கீழே வைப்பார்,
சூடான சட்டியை வைப்பதுபோல.

அன்று பதினொன்றாம் வண்டி பதில் சொல்லவில்லை.
பதினொன்று.
பதினொன்று, கேட்கிறதா.
வேறு வண்டிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.
அலை முழுக்க உப்புக் கொட்டுவதுபோல் இரைச்சல்.
நான் எழுந்து நின்றிருந்தேன்,
கையில் கரண்டி, எதற்கென்று தெரியவில்லை.
நான்காவது முறை எண்ணைச் சொல்லவில்லை அவர்.
"டெல்பர்ட்" என்றார்.
வயர்லெஸில் பெயர் சொல்லக் கூடாது.

பிறகு மூச்சிரைக்க ஒரு குரல்:
பனிக்கட்டி உடைந்து ஒரு நாய் விழுந்துவிட்டது,
இழுத்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும்.
நிலையம் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது.
மூன்று நொடி. வெறும் மூச்சு.
அப்புறம்,
"பத்து-நாலு. மணி இரண்டு நாற்பத்தொன்று."
நாய் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச்சில், பலசரக்குக் கடையில்,
முதுகுக்குப் பின்னால்
"பட்டாணி டின், தொண்ணூற்றொன்பது சென்ட்டுக்கு,
எங்கே இருக்கிறது?"
ஒன்பது இழுபட்டது, இரண்டு முறை.
திரும்பினேன்.
ஒல்லியான ஆள். கோட்டில் நடுப்பொத்தான் இல்லை.
கடைக்காரி என்று நினைத்துவிட்டார்.

இந்தத் தொண்டையின் உட்புறம் எனக்குத் தெரியும்,
என் முகம் அவருக்குத் தெரியாது.
அன்றிரவு நானும் நின்றுகொண்டிருந்தேன் என்று
எந்த இடைவெளியில் சொல்வது?
ஒட்டுக்கேட்டவள் என்பதற்கு
வேறு நல்ல பெயர் இருக்கிறதா?
நாய் பிழைத்ததா என்றாவது கேட்டிருக்கலாம்.

"மூன்றாம் வரிசை, மேல்தட்டு" என்றேன்.
என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது.

"பத்து-நாலு" என்றார், பழக்கதோஷத்தில்,
காது சிவந்து, தள்ளுவண்டியைத் திருப்பினார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
மணி நான்கு பன்னிரண்டு.