இரண்டு முனையிலும்

கொருக்குப்பேட்டை, மூன்றாம் மாடி,
தண்ணித் தொட்டிக்குக் கீழே ஆறுக்கு ஏழு அறை.
கூட்ஸ் வண்டி போனால்
மேசையில் ஸ்க்ரூக்கள் தாமாக இடம் மாறும்.
அங்கேதான் ஒன்றரை வருஷமாக
மரம் செதுக்கும் மிஷின் ஒன்றைக்
கட்டிக்கொண்டிருக்கிறேன்.
மூன்று மோட்டார், ஆறு லிமிட் சுவிட்ச்,
அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான்.
வயர் மட்டும் ஒரே நிறம்.
ரிச்சி தெருவில் அன்றைக்கு மலிவாகக் கிடைத்தது
சாம்பல்தான்.

போன ஆடியில்
எது எதுவென்று எனக்குத் தெரியும் என்ற திமிரில்
இருபத்துநாலு வோல்ட்டைக் கொண்டுபோய்
சுவிட்ச் வர வேண்டிய துளையில் செருகினேன்.
சத்தம் பெரிதில்லை.
நமுத்த பட்டாசு மாதிரி ஒரு 'சுக்'.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்
வெள்ளைப் புகையாக ஜன்னலைத் தாண்டி
எதிர்வீட்டுக் கொடியில்
நைட்டிகளுக்கு நடுவே கலைந்தது.

அதன்பிறகு எழுதுகிறேன்.
பில் தாள் உதவாது, சூடு பட்டால் கறுத்துவிடும்
(செய்துதான் தெரிந்துகொண்டேன்).
நோட்டுத் தாள், பென்சில், அரிசி அளவு எழுத்து.
மேலே கண்ணாடிக் குழலை நுழைத்து
லைட்டரைத் தள்ளிப் பிடித்தால்
தோல் மாதிரி இறுகிக்கொள்ளும்.
குழலை நுழைத்த பிறகுதான் லக் அடிக்க வேண்டும்.
மறப்பேன். வெட்டுவேன்.
ஒவ்வொரு மறதிக்கும் வயர் ஒரு விரற்கடை குட்டை.

'மோட்டார்' என்று எழுதினால் எந்த மோட்டார்?
எங்கிருந்து, எங்கே.
வயருக்கு அவ்வளவுதான் பேர்.
அதையும் இரண்டு முனையிலும் எழுத வேண்டும்.

ஐப்பசி மழையில் கீழ்வீட்டில் முழங்கால் தண்ணி.
"எபினேசரு, ஃபியூஸப் புடுங்குப்பா, ஷாக் அடிக்குது!"
படிக்கட்டுக்கு அடியில் எட்டு மீட்டர்,
எட்டுக் கட்டை, ஒன்றிலும் எழுத்தில்லை.
எது கீழ்வீடு?
எட்டு வீட்டுக்காரரும் எட்டைக் காட்டினார்கள்.
ரப்பர் செருப்பு, இடது கை முதுகுக்குப் பின்னால்,
எல்லாவற்றையும் புடுங்கினேன்.
சீரியல் பாதியில் போனவர்கள்
இருட்டிலிருந்து என் பரம்பரையைத் திட்டினார்கள்.

தண்ணி வடிந்த ஞாயிற்றுக்கிழமை
கட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் படியில் நின்று கத்தினேன்:
"யார் வீட்ல ஃபேன் சுத்துது?"
குரல் வந்த வீட்டின் பேரை எழுதினேன்.
ஐந்தாவதுக்குக் குர்ஷித் அக்கா இறங்கி வந்தார்.
பில்லில் இன்னும் அவர் வீட்டுக்காரர் பேர்.
போய் நாலு வருஷம்.
"அந்தப் பேரு வாணாம்பா.
நீ ஒவ்வொரு வாட்டி புடுங்கும்போதும்
எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.
தையல் மிஷின்னு எழுது."
மீட்டரில் ஒன்று, கட்டையில் ஒன்று,
'தையல் மிஷின்' என்றே எழுதினேன்.

கடைசியில் ஒரு கறுப்பு வயர் மிச்சம்.
டெஸ்டர் வைத்தால் எரிகிறது.
எந்த வீட்டிலும் அதனால் எதுவும் சுற்றவில்லை.
சுவருக்குள் போகிறது,
போன இடம் யாருக்கும் தெரியவில்லை.
மாடிக்கு ஏறிப் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து
'தெரியாது' என்று எழுதி
இந்த முனையில் கட்டினேன்.
மறுமுனை அகப்படுகிற அன்றைக்கு வேண்டுமே என்று
இன்னொரு 'தெரியாது'
சட்டைப் பையில் இருக்கிறது.